மீத்திறனை அளப்பதும் குழந்தையை அறிவதும்

ஒரு குழந்தை தன் வயதுக்குரிய அளவைக் கடந்து விரைவாகவும் ஆழமாகவும் கற்கத் தொடங்கும்போது, அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது, அது யாருக்கு உரியது, அதை அளக்கும் தகுதி யாருக்கு உண்டு என்னும் மூன்று கேள்விகள் அக்குழந்தையைச் சூழ்ந்திருப்போர் மனத்தில் எழுகின்றன. முதல் கேள்வியைச் சமயத்துக்கும், இரண்டாவதை அறவியலுக்கும், மூன்றாவதை உளவியலுக்கும் உரியதாகப் பிரித்து வைப்பது அறிஞர் வழக்கம். ஆனால் குழந்தையை வளர்க்கும் வீட்டில் இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தே நிற்கின்றன. ஆற்றல் தெய்வத்தின் கொடை என்று கருதும் தாயும், அது குடும்பத்தின் கடனைத் தீர்க்க வந்த வழி என்று கருதும் தந்தையும், அதை மதிப்பெண்ணாக மட்டுமே காணும் பள்ளியும் ஒரே குழந்தையிடம் மூன்று வெவ்வேறு பொருள்களைக் காண்கின்றனர்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இத்தகைய குழந்தைகளை மீத்திறன் மாணவர் என்று குறிப்பிடுவது வழக்கம். இவர்களுக்கு உரியவையாக இன்று பேசப்படும் துணைகள் இரண்டு. பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் தரப்படுத்தப்பட்ட சோதனை, உரையாடல், உற்றுநோக்கல், பெற்றோரும் ஆசிரியரும் தரும் செய்தி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குழந்தையின் அறிதிறனையும் உணர்ச்சி நிலையையும் கணித்துரைப்பது உளவியல் மதிப்பீடு ஆகும். அவ்வாறு அறிந்தவற்றைக் கொண்டு, குழந்தையும் குடும்பமும் தம் இக்கட்டுகளைத் தாமே விளங்கிக்கொண்டு முடிவெடுக்கத் துணைநிற்பது உளவளத்துணை ஆகும். இவ்விரண்டின் அடியிலும் ஒரு மெய்யியல் கேள்வி உள்ளது: ஒரு மனிதரை அளப்பது எந்த நிலையில் அவரை அறிவதாகிறது, எந்த நிலையில் அவரை அறியாமலே கடந்துபோவதாகிறது?

இக்கேள்வியைப் பெருநகரத்தில் வைத்துப் பார்ப்பதைவிடக் கடத்தூர் போன்ற ஓர் ஊரில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். தருமபுரி மாவட்டத்தின் இப்பேரூராட்சியைச் சுற்றி மரவள்ளியும் கரும்பும் மஞ்சளும் விளையும் நிலங்கள் உள்ளன; மழை பொய்க்கும் ஆண்டுகளில் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் குடும்பங்கள் இம்மாவட்டமெங்கும் உண்டு. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09 விழுக்காடாக இருந்தபோது, தருமபுரி மாவட்டத்தின் விகிதம் 68.54 விழுக்காடாக, மாநிலத்திலேயே மிகக் குறைவானதாக இருந்தது. ஆகவே இங்கே பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலர் தம் குடும்பத்தின் முதல் தலைமுறைக் கற்போர். அவர்களுள் ஒருவர் மீத்திறன் உடையவராக இருந்தால், அதை இனங்காண்பதற்கான அளவுகோல் அவர் வீட்டில் இருப்பதில்லை, பெரும்பாலும் பள்ளியிலும் இருப்பதில்லை.

அரசு நடத்தும் சில தேர்வுகள் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன. எட்டாம் வகுப்பு மாணவர்க்கான தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வு, மனத்திறனையும் பாட அறிவையும் தனித்தனியே சோதித்து, தேர்ச்சி பெறுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்குகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வு, கிராமங்களிலும் பேரூராட்சிகளிலும் பயில்வோருக்கென்றே அமைந்து, மாவட்டத்துக்கு 50 மாணவரையும் 50 மாணவியரையும் தெரிவு செய்து, ஆண்டுக்கு 1,000 ரூபாய் அளிக்கிறது. இவற்றின் நன்மையை மறுக்க இயலாது. மாணவருக்கும் மாணவியருக்கும் சமமான இடம் ஒதுக்கியதால், பெண் குழந்தையின் திறனும் ஊரறியப் பேசப்படும் வாய்ப்பு உண்டாகிறது. எனினும் இத்தேர்வுகள் தெரிவு செய்வதோடு நின்றுவிடுகின்றன. தெரிவான பிள்ளைக்குப் பணம் செல்கிறது. அப்பிள்ளை எதை எண்ணி அஞ்சுகிறது, எதில் சலிப்படைகிறது, யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறது என்பவற்றை அறியும் பொறுப்பு அந்த அமைப்பில் எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

இந்த இடைவெளி நிர்வாகக் குறைபாட்டினால் மட்டும் வந்ததன்று. ஆற்றலின் தோற்றத்தைப் பற்றிச் சமூகம் கொண்டுள்ள நம்பிக்கைகளிலும் அதற்கு வேர் உண்டு. இந்தியச் சமயங்கள் இளமையில் தோன்றும் பேரறிவுக்குப் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களைத் தந்துள்ளன. ஒன்று வினைக் கொள்கை. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம், யோகத்தை முடிக்காமல் இறந்தவர் மறுபிறப்பில் முன்னைய அறிவோடு தொடர்பு பெற்று, விட்ட இடத்திலிருந்து மேலும் முயல்வார் என்று கூறுகிறது. ஒரு பிறப்பில் கற்ற கல்வி பின்வரும் பிறப்புகளிலும் துணையாகும் என்னும் கருத்து திருக்குறளின் கல்வி அதிகாரத்திலும் உண்டு. மற்றொன்று அருட்கொள்கை, ஆற்றல் முயற்சியின் விளைவன்று, வேண்டாமலே வழங்கப்பட்டது என்பது அதன் சாரம்.

இவ்விரு விளக்கங்களும் தவறாகப் பயன்படுத்தப்படும்போது ஒரே முடிவில் வந்து சேர்கின்றன: ஆற்றல் ஊழால் வந்ததானால் அது தானே வெளிப்படும், அருளால் வந்ததானால் அருளே அதைக் காக்கும், ஆகவே பிறர் செய்ய வேண்டியது ஏதுமில்லை. கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் மேலே வந்துவிடும் என்று ஊரில் சொல்லப்படும் ஆறுதல் இந்த முடிவின் எளிய வடிவமே. ஆனால் அக்கொள்கைகளே இம்முடிவை ஏற்பதில்லை. வினைக் கொள்கை, முற்பிறப்பின் பயனோடு, இப்போது புதிதாகச் செய்யப்படும் ஏறுவினையையும் சேர்த்தே பேசுகிறது. குழந்தையின் திறன் அதன் பழவினையால் வந்தது என்று வைத்துக்கொண்டாலும், அத்திறனைக் கண்டும் காணாமல் விடுவது பெரியோர் இன்று செய்யும் வினையாகும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிலைநிறுத்திய சைவ சித்தாந்தமோ, உயிர் அறியும் இயல்புடையதாயினும் அறிவிக்கவே அறியும் என்கிறது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் ஒளி இன்றிக் காண இயலாதது போல, உயிரின் அறிவும் துணை பெற்றே விளங்கும் என்பது அம்மரபு தரும் விளக்கம். இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் பற்றிச் சொல்லப்பட்ட இக்கருத்து, ஆற்றல் உண்மை, அது விளங்கத் துணை தேவை என்பதும் உண்மை என்று ஒருங்கே ஏற்பதால், மீத்திறன் பற்றிய சிந்தனைக்கும் வழிகாட்டுகிறது.

இதே மரபு பேரறிவுடைய குழந்தையை எவ்வாறு கண்டது என்பதைச் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் வரலாறு காட்டுகிறது. மூன்று வயதில் சீகாழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்ட அக்குழந்தையின் வாயில் பால் வழிவதைக் கண்ட தந்தை சிவபாத இருதயர் முதலில் செய்தது, யார் கொடுத்த பாலை உண்டாய் என்று கோலை ஓங்கி அதட்டியது. குழந்தையின் அசாதாரணத்தை முதன்முதலில் காணும் பெற்றோரிடம் வியப்புக்கு முன் அச்சமும் ஐயமும் எழும் என்பதைப் புராணம் மறைக்கவில்லை. அதன்பின் அவ்வரலாறு காட்டும் காட்சிகள் இன்னும் ஆழமானவை. எல்லா ஞானமும் கைவரப்பெற்ற அக்குழந்தை கையால் தாளமிட்டுப் பாடியபோது, பிஞ்சுக் கை நோகும் என்று திருக்கோலக்காவில் பொற்றாளம் அருளப்பட்டது. தலம்தோறும் செல்லும்போது தந்தை அதைத் தோளில் சுமந்தார். சிற்றடி நடந்து வருந்தியதால் திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச்சிவிகை அருளப்பட்டது.

அறிவு எல்லையற்றதாயினும் கையும் காலும் குழந்தையின் கையும் காலுமே என்பதை இவ்வரலாறு ஒருபோதும் மறப்பதில்லை. இன்றைய உளவியல் இதைச் சீரற்ற வளர்ச்சி என்று அழைக்கிறது: எட்டு வயதுக் குழந்தையிடம் பதினான்கு வயதினருக்குரிய சிந்தனை இருக்கலாம், ஆனால் அதன் உணர்ச்சியும் உடலும் எட்டு வயதுக்கு உரியவையாகவே இருக்கும். மரணத்தைப் பற்றியும் அநீதியைப் பற்றியும் கேள்வி கேட்கும் அளவுக்கு அறிவு வளர்ந்திருக்க, அக்கேள்வி தரும் கலக்கத்தைத் தாங்கும் வலிமை இன்னும் வளராதிருக்கும். பெரியவர் போலப் பேசும் குழந்தையிடம் பெரியவருக்குரிய பொறுமையையும் எதிர்பார்ப்பது இங்கேதான் தவறாகிறது. அருளின் முழுமையை நம்பிய மரபே குழந்தையின் கை நோவதையும் கருத்தில் கொண்டதென்றால், அருளைக் காரணம் காட்டிக் குழந்தையின் நோவைக் காணாதிருக்க எவருக்கும் சமய அடிப்படை இல்லை.

வரலாற்றுக் காலத்தில் இதற்கு நேர்மாறான படிப்பினையைத் தருவது கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கை. 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணிதத்தில் மட்டுமே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் கலைத்தேர்வில் வெற்றி பெறவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேறுவதே அறிவு என்னும் அளவுகோலால் அவரை அளந்தவர்களுக்கு அவர் தோற்ற மாணவராகத் தெரிந்தார். பதினேழு வயது இளைஞர் ஒருவர் ஏன் வீட்டை விட்டுச் சென்றார் என்று கேட்டு, அவமானத்துக்கும் ஆர்வத்துக்கும் இடையே சிக்கிய அவர் மனத்தை விளங்கிக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் அக்காலத்தில் இல்லை.

நாமக்கல் நாமகிரித் தாயாரே தமக்குச் சூத்திரங்களை அருளினார் என்று இராமானுஜன் நம்பினார். அவர் கடல் கடந்து இங்கிலாந்து செல்வதை ஏற்காத தாய் கோமளத்தம்மாள், மகனின் வழியில் குறுக்கே நிற்க வேண்டாம் என்று அத்தெய்வம் கனவில் ஆணையிட்டதாகக் கூறிப் பின்னர் இசைந்தார் என்று வரலாறு கூறுகிறது. இந்நிகழ்ச்சியை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அதன் பொருளை இழப்பதாகும். பாசத்தாலும் ஆசாரத்தாலும் கட்டுண்ட ஒரு குடும்பம், தன் பிள்ளையை அவன் வழியில் விடுவதற்குத் தனக்கு வெளியிலிருந்து, தான் மதிக்கும் ஒரு குரலின் ஒப்புதலை நாடுகிறது. அந்தத் தாய்க்கு அக்குரல் தெய்வத்தின் குரலாக வந்தது. இன்று குடும்ப உளவளத்துணை ஆற்றக்கூடிய பணிகளுள் ஒன்று இதுவே: குடும்பத்தின் நம்பிக்கையை இகழாமல், அதனுள்ளிருந்தே பிள்ளையின் வழிக்கு இடம் உண்டாக்குவது.

இராமானுஜனின் பிற்கால வாழ்வு இன்னொரு பாடத்தையும் உணர்த்துகிறது. 1914இல் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி, பின்னாளில் தம் காலக் கணித அறிஞரின் ஆற்றலுக்கு மதிப்பெண் இட முயன்று, தமக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பர்ட்டுக்கு 80, இராமானுஜனுக்கு 100 என்று கணித்ததாகச் சொல்லப்படுகிறது. உலகின் தலைசிறந்த மதிப்பீட்டாளர் ஒருவரிடம் முழு மதிப்பெண் பெற்ற அதே மனிதர், போர்க்கால இங்கிலாந்தில் தமக்கேற்ற மரக்கறி உணவின்றியும், ஊரிலிருந்து வரும் கடிதங்கள் குறைந்து தனித்தும், நோயுற்றும் வாழ்ந்தார். 1918இல் லண்டனில் சுரங்க ரயில் பாதையில் விழுந்து உயிர்விட முயன்றார். நாடு திரும்பி 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் காலமானார். திறனை மிகச் சரியாக அளந்த அறிவும் மனிதரின் துயரை அளக்கவில்லை. குறைவாக அளப்பது மட்டுமே ஆபத்து என்று கருதுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். முழுமையாக அளந்த பின்னும் ஒருவரை அறியாமல் இருக்க முடியும்.

அறிதிறன் சோதனைகளின் வரலாறும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. 1905இல் பாரிஸில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் அளவுகோலை உருவாக்கியது, பள்ளியில் தனித்துணை தேவைப்படும் குழந்தைகளை இனங்கண்டு உதவுவதற்கே. அறிவு மாறாத அளவுடையது என்னும் கருத்தைப் பினே ஏற்கவில்லை. 1912இல் வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உடல்வயதால் வகுக்கும் ஈவை முன்மொழிந்தார். 1916இல் அமெரிக்காவின் லூயி டெர்மன் அதை நூறால் பெருக்கி, நுண்ணறிவு ஈவு என்று இன்று அறியப்படும் எண்ணாகப் பரப்பினார். டெர்மன் 1921 முதல் கலிபோர்னியாவில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயர் ஈவுக் குழந்தைகளைத் தெரிவு செய்து அவர்கள் வாழ்க்கையைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அத்தெரிவில் தகுதி பெறாமல் விடுபட்ட வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெசும் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இந்தியாவில் பினே–காமத் சோதனையும், இந்தியக் குழந்தைகளுக்கென மாலின் தழுவி அமைத்த சோதனையும் பயன்பாட்டில் உள்ளன. இவை நேர்மையான கருவிகள். எனினும் எந்தக் கருவியும் தரும் எண் ஒரு மதிப்பீடே, பிழைக்கு இடமுடையதே. வீட்டில் புத்தகமே இல்லாத குழந்தை சொல்வளச் சோதனையில் குறைவாகப் பெறுவது அதன் அறிவைவிட அதன் சூழலையே அதிகம் காட்டும். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியுமாக வளரும் பிள்ளைகளைச் சோதிப்போர் இதை மறக்கலாகாது.

அளப்பதற்கும் அறிவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தருமபுரி மண்ணே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பிணக்காகக் கண்டிருக்கிறது. இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் பரிசில் நாடி வந்தார். மன்னன் அவரை நேரில் காணாமல், இதைப் பெற்றுச் செல்க என்று பொருளை அனுப்பினான். புலவர் அதை ஏற்க மறுத்தார். காணாமல் தந்த பொருளைப் பெற்றுச் செல்வதற்குத் தாம் விலைபேசும் வணிகர் அல்லர் என்றும், தம் தகுதியைக் கண்டு அறிந்து தருவானாயின் அப்பரிசு தினையளவே ஆனாலும் தமக்கு இனிது என்றும் அவர் கூறியது புறநானூற்றின் 208ஆம் பாடலில் பதிவாகியுள்ளது.

அதியமான் கஞ்சன் அல்லன். ஔவைக்கு அரிய நெல்லிக்கனியை அளித்தவன் என்றே தமிழ் உலகம் அவனைப் போற்றுகிறது. ஆகவே அப்பிணக்கு கொடுத்த பொருளின் அளவைப் பற்றியதன்று. மனிதரைக் காணாமல் அவர் திறனுக்கு மட்டும் விலை தருவது, அவரைத் திறனாகச் சுருக்குவது என்பதே புலவர் எழுப்பிய வழக்கு. அவர் அளவிடப்படுவதை வெறுக்கவும் இல்லை; தம் அளவு அறியப்பட வேண்டும் என்றே கேட்கிறார். மீத்திறன் மாணவர்க்கான மதிப்பீட்டுக்கு இதைவிடத் தெளிவான நெறியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அளவிடுதல் நேரில் காண்பதன் பகுதியாக இருக்கும்போது அது மரியாதை. காண்பதற்குப் பதிலாக வைக்கப்படும்போது, எத்தனை பெரிய உதவித்தொகையோடு வந்தாலும், அது புறக்கணிப்பே.

இனி, ஆற்றல் யாருக்கு உரியது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. அறிவுடைய மக்களால் பெற்றோரைவிட உலகத்து உயிர்களுக்கே இன்பம் மிகுதி என்பது திருக்குறள் மக்கட்பேறு அதிகாரத்தில் கூறும் கருத்து. இதைக் கொண்டு பிள்ளை நாட்டின் சொத்து, குடும்பத்தின் முதலீடு என்றெல்லாம் வாதிடுவோர் உண்டு. ஆனால் குறள் பேசுவது இன்பத்தைப் பற்றியே, உடைமையைப் பற்றி அன்று. பிறர் மகிழ்வது அவர்கள் உரிமையாளர் என்பதனால் அன்று. அதே வேளையில், தன்னுரிமை என்னும் ஒற்றைச் சொல்லை வறிய குடும்பத்தின் முன் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதும் நேர்மையாகாது. மகள் படிப்பதற்காக அண்ணன் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றிருக்கலாம். தாயின் நகை அடகில் இருக்கலாம். அத்தகைய வீட்டில் வளரும் பிள்ளை, தான் மருத்துவராகாவிட்டால் அவர்கள் தியாகம் வீணாகும் என்று நம்பி, தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்ல அஞ்சுகிறது. நன்றி என்பது உள்ளத்தின் நிலை, கடன் என்பது கணக்கு. இவ்விரண்டையும் பிரித்துக் காண உதவுவதும், பெற்றோரின் அச்சத்தை அவர்களைக் குற்றவாளியாக்காமல் கேட்பதும், இறுதியில் பிள்ளையிடமே அதன் விருப்பத்தைக் கேட்கச் செய்வதும் உளவளத்துணையின் அறப்பணியாகும்.

அடிப்படை எழுத்தறிவே முழுமை பெறாத மாவட்டத்தில் மீத்திறன் மாணவர்க்கெனத் தனி அக்கறை கோருவது சமநீதிக்கு முரணாகாதா என்று கேட்பது நியாயமே. மீத்திறன் உயர்ந்த தகுதி என்பதற்காக அக்கோரிக்கை எழுமாயின் அது முரண்பாடுதான். ஆனால் இங்கே கோரப்படுவது அறியப்படுவதற்கான உரிமை. அது மெல்லக் கற்கும் குழந்தைக்கும் அதே அளவில் உரியது. வசதியுள்ள வீட்டில் பிறந்த மீத்திறன் குழந்தையைப் பெற்றோரின் பணமும் தொடர்பும் இனங்காட்டிவிடும். வகுப்பில் சலிப்புற்றுக் குறும்பு செய்து அடங்காப் பிள்ளை என்று பெயரெடுப்பதும், கேலிக்கு அஞ்சித் தன் அறிவை மறைத்துக்கொள்ளும் சிறுமியாவதும் வறிய ஊரின் குழந்தைக்கே பெரும்பாலும் நேர்கின்றன.

இதற்குத் தொடக்கமாக அமையக்கூடியவை ஏற்கெனவே உள்ளன. 1962இல் புனேயில் அப்பா பெண்ட்சே நிறுவிய ஞானப் பிரபோதினி, உளவியல் சோதனையையும் கல்வியையும் இணைத்து இந்தியாவில் இத்துறைக்கு வழிகாட்டியது. பெங்களூரின் தேசிய உயர்நிலை ஆய்வு நிறுவனம் இந்தியச் சூழலில் மீத்திறன் குழந்தைகளை ஆசிரியர் வழியே இனங்காணும் முறைகளை ஆராய்ந்துள்ளது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும், மனநலத்துக்கான 14416 எண்ணும், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கடத்தூர்க் குடும்பம் எட்டக்கூடிய வாயில்கள். ஆயினும் தொலைபேசி எண்ணும் தொலைவிலுள்ள மருத்துவமனையும், நாள்தோறும் குழந்தையைக் காணும் ஆசிரியரின் இடத்தை நிரப்பமாட்டா. திறனாய்வுத் தேர்வில் தெரிவான ஒவ்வொரு பிள்ளையோடும் அதன் பெற்றோரோடும் பயிற்சி பெற்ற ஒருவர் ஆண்டுக்குச் சில முறையேனும் அமர்ந்து உரையாடுவதை அத்தேர்வின் பகுதியாகவே ஆக்கினால், காணாமல் அனுப்பிய பரிசு கண்டு தந்த பரிசாக மாறும்.

அத்தகைய ஏற்பாடு ஒன்று உருவாகுமாயின், அது நன்றாக நடக்கிறதா என்பதைத் தெரிவானோரின் எண்ணிக்கையைக் கொண்டோ, அவர்கள் பின்னாளில் அடைந்த பதவிகளைக் கொண்டோ தீர்மானிக்க இயலாது. தெரிவான பிள்ளை அடுத்த ஆண்டு மதிப்பெண் குறைந்து நிற்கும்போதும், தான் விரும்பும் படிப்பு பிறர் எதிர்பார்த்ததன்று என்று சொல்லும்போதும், முன்பு பாராட்டிய அதே பெரியவர்கள் அதே அக்கறையோடு அதன் அருகில் வந்து அமர்கிறார்களா என்பதே அதற்குரிய சோதனை. அவ்வாறு அமர்வார்களாயின், அவர்கள் அளந்தது திறனை மட்டுமன்று, அக்குழந்தையை அறிந்தே அளந்தனர் என்று துணிந்து கூறலாம்.